நடுவில் சூடு வைக்காதீர்கள் என்று சொன்ன அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தங்களில் பலருக்கு அவரைக் காது கேளாதவராக, எந்நேரமும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவராக மட்டும்தான் தெரியும். என்ன எழுதினார் என்பதைத் தங்கையாகிய நான் சொல்லிவிடுகிறேன்.

கடம்பூருக்குப் பக்கத்தில், மானாவாரிப் பருத்தியை நம்பியிருந்த வீட்டில் பிறந்தார். மழையில்லாத வருஷங்களில் அம்மா தீப்பெட்டி ஒட்டினார்கள். அண்ணன் கோவில்பட்டியில் இயற்பியல் படித்து, தொண்ணூறுகளில் அசாமில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்தார். லீவுக்கு வந்தபோது, "அங்கன என்னண்ணே வேலை?" என்று கேட்டேன்.

"மார்கழியில தேங்காண்ண உறையுதுல்லா? அதே மாதிரி குழாய்க்குள்ள எண்ண மெழுகா இறுகிப் போவும்ட்டி. மைல்கணக்குல கெடக்க குழாய்ல எங்கன அடச்சிருக்குன்னு உள்ள போயா பாக்க முடியும்? ஒரு சத்தத்த அனுப்புவோம். அது முட்டித் திரும்புத நேரத்த வச்சு எடத்தச் சொல்லிருவேன். பெறவு சூடு வச்சு எளக்கணும். பத்தாங்கிளாஸ் பாடந்தான்."

அந்தப் பாடத்தைத்தான் மேலதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு குளிர்காலத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. அண்ணன் இரண்டு முனைகளிலிருந்தும் சத்தம் அனுப்பினார். இடையில் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். அடைப்பு இரண்டு இடத்தில். நடுவில் எண்ணெய் சிக்கி நிற்கிறது. நடுவில் சூடு வைத்தால் எண்ணெய் விரியும், போக வழியிருக்காது, குழாய் வெடிக்கும். திறந்த முனையிலிருந்து மெல்ல மெல்லச் சூடாக்கி வர வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். அதற்கு நான்கு நாள் ஆகும். அதிகாரிக்கு அவசரம். நடுவில் பர்னரைக் கொளுத்தும்படி இரண்டு தொழிலாளிகளுக்கு உத்தரவிட்டார்.

விஷயம் தெரிந்து அண்ணன் கத்திக்கொண்டே ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் வெடித்துவிட்டது. இரண்டு பேரும் அங்கேயே இறந்தார்கள். அண்ணனுக்கு முகமும் கைகளும் வெந்தன. இரண்டு காதும் போயின.

தொழிலாளிகள் தாங்களாகவே தவறான இடத்தில் சூடு வைத்தார்கள் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அண்ணன் கொடுத்த கடிதம் கோப்பில் இல்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் மேசை வேலை தருவதாகச் சொன்னார்கள். போட மறுத்து ஊருக்கு வந்துவிட்டார்.

மதினி அழுதார்கள். "பிள்ளைய வச்சிக்கிட்டு இருக்கோம். செத்தவிய திரும்பியா வரப்போறாவ? ஒரு கையெழுத்துதான?" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள்.

அண்ணன் தன் குரல் தனக்கே கேட்காமல் சத்தமாகச் சொன்னார்: "செத்தவிய பிள்ளையளும் அப்பன் தப்புல செத்தான்னு நெனச்சுக்கிட்டு வளரும்லா!"

அதன்பிறகு ஒன்பது வருஷம் எழுதினார். அமைச்சகத்துக்கு, ஆணையத்துக்கு, அந்த நிறுவனத்துக்கு. வெந்த விரல்களால் குழாயின் படம் வரைந்து, கணக்குப் போட்டு அனுப்புவார். பெற்றுக்கொண்டோம் என்ற அட்டைகூடச் சில சமயம்தான் வரும். தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் எழுந்து நிற்பார். எங்களுக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

கடைசியில் நுரையீரல் கெட்டு, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தார். "தபால் வந்துச்சாட்டி?" என்று தினமும் கேட்டார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "வந்துவிட்டது. அந்தத் தொழிலாளிகள் மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள்" என்று சிலேட்டில் எழுதினேன்.

இரண்டு முறை வாசித்தார். "யாரு கையெழுத்து போட்ருக்கா?"

எழுதியதை முந்தானையால் துடைக்கத் தொடங்கினேன். என் முகத்தையே பார்த்தார். "சரிட்டி, அழாத" என்றார். அதற்கப்புறம் தபாலைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

புண்களுக்கு முகம் சுளிக்காமல் மருந்து கட்டிய செவிலியர் அக்கா, அண்ணனைத் தோளில் தூக்கி இறக்கிய தெருக்காரர்கள், ஒருநாளும் கைவிடாத மதினி, எல்லாரையும் கும்பிடுகிறோம். இந்தக் கட்டுரையை இந்தியில் பெயர்த்து எழுதித் தந்த, ரயில்வேயில் வேலை பார்க்கும் அண்ணாச்சிக்கும் நன்றி. மலரோடு அதையும் சேர்த்து அசாமிலுள்ள அந்த இரண்டு வீடுகளுக்கும் அனுப்புகிறோம்.

அந்த இரண்டு வீட்டு அம்மாமாரே, உங்கள் வீட்டு ஆட்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இது எங்கள் அண்ணன் சொன்னது. கீழே நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.