மாலேயில் அழைத்த பெயர்

பேட்டையில் எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். போன வருடம் மாலத்தீவுக்கு ஆசிரியை வேலைக்குப் போனேன்.

தலைநகர் மாலேயில் அனுமதி அலுவலகத்தில் காத்திருந்தேன். தற்காலிக வேலை அனுமதி அன்றைக்குள் கிடைக்காவிட்டால் மறுநாள் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அலுவலகம் மூடும் நேரமாகியும் என்னைக் கூப்பிடவில்லை. எழுத்தர் "சூதாலே மூத்து" என்று திரும்பத் திரும்ப அழைத்தார். யாரும் எழவில்லை.

"யாரும்மா அது, உக்காந்தே தூங்குதான் போல," என்றார் பக்கத்திலிருந்த திருச்செந்தூர்க் கொத்தனார்.

"படிக்காத ஆளா இருக்கும் அண்ணாச்சி. தன் பேருகூடத் தெரியல," என்றேன்.

எழுத்தர் கடைசியாகக் கையிலிருந்த பாஸ்போர்ட்டை விரித்து எங்கள் பக்கம் காட்டினார். அதில் இருந்தது என் படம். என் பெயருக்கு முன்னால் இருந்த அப்பா பெயரை, சுடலைமுத்துவை, அவர் அப்படி வாசித்திருக்கிறார்.

"ஓடு தாயி, பூட்டிருவாவ," என்றார் கொத்தனார்.

ஓடினேன். அனுமதி கிடைத்தது.

அன்று மாலை ஊரில் அடுத்த வீட்டு போனுக்கு அப்பாவை வரச்சொல்லி, நடந்ததைச் சொன்னேன். கைநாட்டு வைக்கிற என் அப்பா, "அங்கன என் பேரையா கூப்பிட்டாவ?" என்று இரண்டு தடவை கேட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

கொத்தனாரிடம் நான் சொன்னதை மட்டும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.