கம்பத்துக்குப் பின்னால் நின்றவர்

உதைபந்தாட்டம் பார்க்கப் பெரியப்பா மாதா கோயிலுக்குப் போடும் கறுப்புச் சப்பாத்தோடு வந்து என் காரில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் வெளியே வரும் சப்பாத்து அது. அன்று சனிக்கிழமை, அதுவும் விடிய விடிய மழை பெய்த சனிக்கிழமை. “சேறாய்க் கிடக்கும் பெரியப்பா, பழசைப் போடுங்கோவன்” என்றேன். கேட்காதவர் போல பெல்ட்டை இழுத்து மாட்டினார். சப்பாத்து அவருடையது, சேறு கவுன்சிலுடையது, எனக்கென்ன என்று நான் காரை எடுத்தேன்.

பெரியப்பா என் அம்மாவின் அக்காவைக் கட்டியவர். மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர். கடல் கடந்து வந்து மோர்டனில் வீடு வாங்கி, ரெயில்வே ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்து ஓய்ந்தவர். அவருக்கு ஒரே மகன். அவன் மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் வேலைக்குப் போனான். சனிக்கிழமைகளில் உள்ளூர்க் கழகம் ஒன்றுக்குக் கோல் காப்பாளன். படிப்பை விட்ட செய்தியைச் சாப்பாட்டு மேசையில் அவன் சொன்ன அன்று பெரியப்பா சோற்றில் கையை வைத்தபடி, “உனக்கு விருப்பமானதைச் செய். என்னோடை கதையாதை” என்றார். இரண்டு பேரும் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். ஒரே வீடு, ஒரே குசினி, ஒரே குளியலறை. ஒரு மாரி முழுக்க ஒரு சொல் இல்லை. உப்பு வேண்டுமென்றாலும் பெரியம்மா வழியாகத்தான்.

அன்று காலை பெரியம்மா போனில் அழாத குறை. “பிள்ளை, வாற கிழமை அவன் லீட்சுக்குப் போறான். அங்கை வேலை எடுத்திட்டான். இண்டைக்கு அவன்ரை கடைசி மட்ச். இந்த மனிசன் ஒரு சொல்லுச் சொல்லாமல் அவனை அனுப்பிப்போட்டுப் பிறகு தனிய இருந்து உருகும். எப்படியாவது கூட்டிக்கொண்டு போ.” எனக்கு உதைபந்தாட்டம் வேப்பெண்ணெய் மாதிரி. ஆனாலும் போனை அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். வர மாட்டேன் என்பார், நானும் தப்பினேன் என்றுதான் நினைத்தேன். “எத்தனை மணிக்கு வாறாய்?” என்றார்.

தொலைக்காட்சியில் வரும் ஆட்டத்தை நினைத்துக்கொண்டு அங்கே போகக் கூடாது. வரிசை வீடுகளின் பின்பக்கம் ஒரு மைதானம். ஒரு பக்கம் தகரக் கூரை, மறுபக்கம் யாருடையவோ துணி காயும் முற்றம். தேநீர் விற்கும் ஒரு ஜன்னல். பார்க்க வந்தவர்களைவிட அவர்கள் கூட்டி வந்த நாய்கள் கூடவோ என்று இருந்தது. இருக்கைக்குச் சண்டை இல்லை, விரும்பிய இடத்தில் நிற்கலாம். அந்த ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கள் அணி எந்தக் கோலை நோக்கி அடிக்கிறதோ, அந்தக் கோலுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். இடைவேளையில் தேநீரும் கையுமாக மறுமுனைக்கு இடம் மாறுவார்கள்.

பெரியப்பா அதற்கு நேர்மாறாகப் போனார். தன் மகன் காக்கும் கோலுக்குப் பின்னால், கம்பத்துக்குக் கிட்ட, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் வெளியூர் அணியின் ஆட்கள். அட கடவுளே, எதிரிக் கூட்டத்துக்குள் நாங்கள் இரண்டு பேர்! மகன் ஒருமுறை திரும்பித் தகப்பனைக் கண்டான். முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி பந்தைப் பார்த்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பருத்த வெள்ளைக்காரர், கழுத்தில் சால்வை, கையில் சிப்ஸ். கோல் காப்பாளனை அவனுடைய காது முதல் கால் வரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், மெல்லமாக, “அவன் என் மகன்” என்றார். அந்த மனிதர் சிவந்துபோனார். சிப்ஸை எங்களிடம் நீட்டினார். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை பாவம், தடுப்பாட்டக்காரர்களை மட்டுமே திட்டினார்.

“பெரியப்பா, எங்கடை ஆக்கள் எல்லாம் அந்தப் பக்கம் நிக்கினம், நாங்கள் ஏன் இங்கை?” என்று கேட்டேன்.

“ஊரிலை இப்பிடித்தான். கோலுக்கு வலை இல்லை. கோலியின்ரை சொந்தக்காரன் ஒருத்தன் பின்னாலை நிக்க வேணும். பந்து உள்ளுக்குப் போனதோ எண்டு பிரச்சினை வந்தால் ரெஃபரி அவனைத்தான் பார்ப்பார். அவன் கையைத் தூக்கினால் கோல். தன்ரை ஆளுக்கு எதிராய்க் கை தூக்கிறவனைப் பொய்யன் எண்டு சொல்ல ஏலாதுதானே. என்ரை அண்ணைதான் அங்கை கோலி, அவருக்கு நான்தான் நிண்டனான்.”

இடைவேளை வந்தது. எல்லோரும் முனை மாறினார்கள். பெரியப்பாவும் மகனைத் தொடர்ந்து அடுத்த கோலுக்குப் பின்னால் போனார், அதாவது மறுபடியும் அதே வெளியூர்க் கூட்டத்துக்குள். சால்வைக்காரர் எங்களுக்கு இடம் விட்டு நின்றார்.

ஆட்டம் முடியப் போகும் நேரம், இரு பக்கமும் கோல் இல்லை. வெளியூர்க்காரன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, நேரே கீழே விழுந்து, சேற்றில் குத்தி வெளியே துள்ளியது. மகன் பாய்ந்து கட்டிப் பிடித்தான். கோட்டைத் தாண்டியதா, இல்லையா? நடுவர் நின்றுவிட்டார். சுற்றி நின்றவர்கள் “கோல், கோல்” என்று குளறினார்கள். என் பக்கத்தில் பெரியப்பா வலது கையை நேராக மேலே தூக்கினார். பூசையில் எழுந்து நிற்பவர் போல நிமிர்ந்து நின்றார்.

நடுவர் கோட்டு நடுவரிடம் போய்க் கேட்டுவிட்டுக் கோல் கொடுத்தார். இந்தக் கையைப் பார்த்தா கொடுத்தார்? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மகன் பார்த்துவிட்டான். பந்தைக் கீழே போட்டுவிட்டு வேலிக்கு வந்தான்.

“அப்பா, உங்களுக்கு என்ன விசரா? நீங்கள் எந்தப் பக்கம்?”

“உள்ளுக்குப் போனது. நான் கண்டனான்.”

“கோட்டிலை நிண்டது!”

“முழுசாய்ப் போனது!”

நடுவர் ஊதி ஊதிப் பார்த்தார். சால்வைக்காரர் என்னிடம் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டார். கதைக்கிறார்கள், அதுதான் செய்தி என்று சொல்ல எனக்கு வாயில் வந்தது. குடும்பக் கதை என்று மட்டும் சொன்னேன். ஆட்டம் முடிந்து காரில் வரும்போதும் வாதம் ஓயவில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் என் காது. பெரியம்மா கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குளறிக்கொண்டிருந்தார்கள். அவ என்னைப் பார்த்தா. “சண்டை பிடிக்கினம்” என்றா, சிரித்தபடி. உடனே குசினிக்குள் போய்ச் சோற்றுப் பானையை இறக்கினா.

மகன் சொன்னபடி லீட்சுக்குப் போனான். சனிக்கிழமை பின்னேரங்களில் போன் எடுப்பான். அன்றைய ஆட்டத்தைச் சொல்லத் தொடங்குவான், எப்படியோ அந்தப் பந்தில் வந்து முடியும். தோடம்பழத்தைப் பந்தாக்கி மேசைக் கரையில் வைத்து, வீடியோவில் காட்டி, “இந்தா பார், இப்பிடித்தான்” என்று பெரியப்பா வாதாடியதை நானே பார்த்திருக்கிறேன். மேசையின் கரை வளைந்திருக்கிறது என்பான் மகன். வருடக்கணக்காக இதே வழக்கு. இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லையா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

போன மாரியில் பெரியப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பும்போது மகன்தான் கார் ஓட்டினான். பெரியம்மா பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. அவன் வீதியைப் பார்த்தபடியே சொன்னான்:

“அக்கா, அது உள்ளுக்குத்தான் போனது. ஒரு முழம் உள்ளுக்கு.”

“அப்ப அதை அவருக்குச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தால், பிறகு சனிக்கிழமையிலை என்னத்தைக் கதைக்கிறது?”