கிலுகிலுப்பை

போன வாரம் ஆவடி குவார்ட்டர்ஸில் சரோஜா அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பழைய ஆல்பத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் விரல் நின்றது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் குவார்ட்டர்ஸ் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அத்தனை முகத்திலும் சிரிப்பு.

“ஏட்டி, இதுல நாங்க எல்லாரும் எங்க பாக்கோம்?” என்றார். இத்தனை வருஷமாகியும் அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

ஒருவர்கூட லென்ஸைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் சற்றுத் தள்ளி, இடப்பக்கம். அங்கே யார் நின்றது என்று எனக்குத் தெரியும். காபியை எடுத்துக் குடித்தேன்.

ஆல்பத்தில் அந்துருண்டை வாசனை. நான் வேலை பார்த்த ஸ்டூடியோவின் டார்க் ரூமிலோ புளித்த காடி வாசனை. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. அதில் எனக்குப் பெருமைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாவது முடித்த கையோடு சேர்ந்தேன். முதலாளியை மாஸ்டர் என்போம். முதலில் அவர் என் கையில் கொடுத்தது ஒரு கிலுகிலுப்பை. குழந்தைகளைப் படமெடுக்கும்போது பக்கத்தில் நின்று ஆட்ட வேண்டும். பன்னிரண்டாவது படித்தது இதற்கா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே ஆட்டுவேன்.

கோடை வந்தால் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் வேன் பிடித்து மாங்காடு கோயில், ஏரி என்று கிளம்புவார்கள். புளியோதரைத் தூக்கோடு எங்களையும் ஏற்றிக்கொள்வார்கள். அப்படி ஒரு நாள்தான் மாஸ்டர் எனக்கும் ஒரு கேமரா தந்தார்.

“நீயும் எடு. பொண்ணு எடுத்தா லேடீஸ் கூச்சப்பட மாட்டாங்க. பிலிம் ரோல் போடறது, கழட்டறது எல்லாம் நான் பாத்துக்கறேன். பின்மூடிய மட்டும் தொறந்துடாத, வெயில் பட்டா அவ்ளோதான்.”

திறப்பேனா? பஸ்ஸில்கூடக் கழுத்திலிருந்து இறக்கவில்லை. மடியில் வைத்தால் நாலு பேர் எப்படிப் பார்ப்பார்கள்? “ஸ்மைல் ப்ளீஸ்” என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகினேன். நான் சொன்னால் பெண்கள் நிஜமாகவே சிரித்தார்கள். பக்கத்திலேயே மாஸ்டரும் எடுத்துக்கொண்டிருப்பார். கழுவி வரும் படங்களில் எது யார் எடுத்தது என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

என் நைனா கோடையில் ஏரிக்கரையில் வெள்ளரிப்பிஞ்சு விற்பார். வேனிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரரிடம், “பாத்துகினியா? எம் பொண்ணு, படம் புடிக்குது!” என்றார். பிறகு என்னிடம், “இன்னா கண்ணு, எங்களையெல்லாம் எடுக்க மாட்டியா?”

மாஸ்டர் மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நைனா ஏரித் தண்ணீரைத் தொட்டுத் தலையைப் படிய வைத்து, துண்டை உதறித் தோளில் போட்டு நின்றார். முன்பல் விழுந்ததிலிருந்து வாயை மூடியே சிரிப்பவர், அன்றைக்கு என் “ஸ்மைல் ப்ளீஸ்”ஸுக்குப் பல் தெரியச் சிரித்தார். அழுத்தினேன்.

படம் கேட்டபோது மாஸ்டர், “அந்த ரோல்ல லைட் பூந்துடுச்சும்மா” என்றார்.

“போவுது வுடு கண்ணு, இன்னொரு தபா எடுத்தா போச்சு” என்றார் நைனா.

மழைக்காலத்தில் நைனா போய்விட்டார்.

அடுத்த கோடையில் மாங்காடு. சரோஜா அக்காவின் கணவர் சொந்தமாகக் கேமரா வைத்திருந்தவர். நான் எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏம்மா, ஒவ்வொரு தடவையும் ரோலை நகத்துதியே, இந்தப் பக்கத்துக் குமிழ் சுத்தவே இல்லையே? உள்ள ரோல் இருக்கா?” என்றார். கோயில் மதில் நிழலில் போய் நின்று பின்மூடியைத் திறந்தேன். உள்ளே துடைத்து வைத்த கறுப்பு.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் கேட்டேன். மாஸ்டர் சிரித்தார்.

“படிச்ச பொண்ணு, இது கூடவா தெரியல? உன்னப் பாத்துச் சிரிச்சாங்க, நான் எடுத்தேன். கிலுகிலுப்பைக்கு யாராவது ரோல் போடுவாங்களா?”

“எங்க நைனாவுமா?” என்றேன். அவருக்கு எந்த நைனா என்றே நினைவில்லை.

கேமராவை மேஜையில் வைத்துவிட்டு வந்ததுதான், பிறகு வேலைக்குப் போகவில்லை.

“என்னட்டி, அப்படியே பாத்துக்கிட்டிருக்க?” என்று சரோஜா அக்கா ஆல்பத்தை மூடினார். திரும்பும்போது அந்தத் தெரு வழியாகத்தான் வந்தேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத். ஏரிப் பக்கம் வெள்ளரிக் கொல்லைகளையெல்லாம் மனை போட்டுவிட்டார்கள். நைனா பல் தெரியச் சிரித்த இடத்தில் எண் எழுதிய ஒரு கல் நிற்கிறது.