வாத்து எடுத்த சோறு

பாரிஸை ஒட்டி நான் வசிக்கும் புறநகரில், குளிர்காலம் வந்தால் காலை எட்டேகால் பேருந்து நேரத்துக்கு வராது. காரணம் வாத்துகள். பூங்கா ஏரியில் குளிர்காலத்தைக் கழிக்கும் காட்டு வாத்துகள், கழுத்து கறுத்துக் கன்னம் வெளுத்த பெரிய ஜாதி, எதிர்ப்பக்கப் புல்வெளிக்குச் சாலையை நடந்தே கடக்கும். பறக்கத் தெரிந்த பிராணி ஏன் நடக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுக் காப்பி குடிப்பார். ஒரு நாள் பதினேழு வாத்துகள் கடக்க மூன்று நிமிடம் ஆனது. பதினெட்டாவது நடுச்சாலையில் நின்று யோசித்தது. நேற்று புதுச்சேரி பெரிய மார்க்கெட் எதிரில் சாலையைக் கடக்க நான் ஒன்பது நிமிடம் நின்றேன். எனக்காக யாரும் எதையும் நிறுத்தவில்லை.

இதைப் புதுச்சேரி நெல்லித்தோப்பில், என் மச்சினி வசந்தா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் மனைவி செண்பகம் அங்கே, பிரான்சில், இறந்து ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகின்றன. எண்ணுவது எனக்குப் பழக்கம். இருபத்தொன்பது வருடம் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணியவன். செண்பகம் புதுச்சேரியில் வாழ்ந்தது இருபத்து நான்கு வருடம், அங்கே முப்பத்தெட்டு. அவள் உயிரோடு இருந்தவரை இதை நான் கூட்டிப் பார்த்ததில்லை. போன வருடத் தை அமாவாசைதான் பார்க்க வைத்தது.

அவள் போன பிறகு வந்த முதல் தை அமாவாசை அது. படையலை நானே செய்தேன். பூசணிக்காய் சாம்பார், வாழைக்காய் பொரியல், பாயசம். உளுந்து ஒரு மணி நேரம் அதிகம் ஊறிவிட்டது. வடையில் ஓட்டை நிற்கவில்லை. நான்காவது மாடி பால்கனிக் கம்பியருகே சோற்றை வைத்துவிட்டு ஐம்பது நிமிடம் நின்றேன். காக்கை வரவில்லை. அந்த ஊரில் காக்கை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வீட்டின் முன் வந்து நின்று கேட்கும் வழக்கம் அவற்றுக்குக் கிடையாது. காக்கை எடுக்காமல் நான் எப்படிச் சாப்பிடுவது? சோற்றை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போனேன்.

ஏரியின் ஓரம் உறைந்திருந்தது. இலை உதிர்ந்த ஒரு மரத்தில் ஆறு காக்கைகள். அடியில் சோற்றைக் கொட்டி, மேலே வடையை வைத்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு 'கா, கா' என்று கூப்பிட்டேன். ஒரு காக்கை இரண்டு கிளை கீழே இறங்கியது. அதற்குள் தண்ணீரிலிருந்து வாத்துகள் கரையேறிவிட்டன. பெரியவை ஐந்து, சிறியவை பதினொன்று. குடையை ஆட்டி விரட்டினேன். பெரியது ஒன்று கழுத்தை நீட்டி என்னைப் பார்த்துச் சீறியது. பின்வாங்கியது நான்தான். முதலில் வடை போனது. ஒரு நிமிடத்துக்குள் தரையில் ஒரு பருக்கை இல்லை. காக்கை பறந்துவிட்டது.

நாயோடு வந்த ஓர் அம்மாள், என்னைவிடப் பத்து வயது சிறியவராக இருக்கலாம், பக்கத்தில் வந்து நின்றார். "மிஸ்யே, பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது. பலகையைப் பார்க்கவில்லையா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். கிடங்கில் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தவன். அன்று மூன்று சொல்தான் வந்தது. "பூர் மா ஃபாம்." என் மனைவிக்காக.

அவர் டப்பாவைப் பார்த்தார், வாத்துகளைப் பார்த்தார். முகம் இளகியது. "அப்படியா, வீட்டில் அவர் கொடுத்தனுப்பியதா? நல்ல மனது. ஆனால் சமைத்த சோறு இவற்றின் வயிற்றுக்கு ஆகாது. அவரிடம் சொல்லிவிடுங்கள்."

மூன்று மாதமாக அவளைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. திருத்த மனம் வரவில்லை. "சரி, சொல்கிறேன்" என்றேன். மாலையில் வசந்தா போன் செய்து, "காக்கா எடுத்துச்சா மாமா?" என்று கேட்டபோது, "எடுத்தது" என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் நேற்று முன்தினம் தை அமாவாசை. வசந்தாவே சமைத்தாள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்து அவள் கையை எடுக்கவில்லை, காக்கை வந்துவிட்டது. பிறகு ஏழு. எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கவே நேரமில்லை.

"பாத்தீங்களா? அக்காவுக்கு நம்ம வீடு தெரியுது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன வருஷமும் இப்படித்தான வந்துச்சு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாக அந்தப் பொய்யைச் சுமந்தது போதும் என்று இருந்தது. "இல்ல வசந்தா. வாத்து தின்னுட்டுது."

அவள் என்னையே பார்த்தாள். "என்னாது?"

"வாத்து. பதினாறு."

"எண்ண மட்டும் தெரியுது! வெரட்டத் தெரியலியா உங்களுக்கு?" கீழே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "அப்ப ஒரு வருஷமா எங்க அக்கா பட்டினியா மாமா?"

 வழியையும் அவளே கண்டுபிடித்தாள். "குளுருக்கு வெளிநாட்டு வாத்தெல்லாம் ஊசுட்டேரிக்கு வருதே, அதுங்கதான தின்னுது? அதுங்களுக்கே ஒரு பிடி போட்டுட்டு வந்துடலாம்."

அவை பிரான்சிலிருந்து வருபவை அல்ல, இமயமலைக்கு அப்பாலிருந்து வருபவை, ஜாதியே வேறு என்று விளக்கினேன்.

"நீங்க என்னா, ஒவ்வொண்ணாப் புடிச்சு பாஸ்போர்ட் பாத்தீங்களா? சட்டைய மாட்டுங்க."

ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் சாம்பார் சிந்துமோ என்று கவலை எனக்கு. ஏரி அகலமாகக் கிடந்தது. வாத்துகள் வெகுதூரத்தில், தண்ணீரில் மிளகு தூவியதுபோல். நூற்று நாற்பது வரை எண்ணினேன். வசந்தா வாழையிலையை விரிப்பதற்குள் காவலாளி வந்துவிட்டார்.

"இங்க எதுவும் போடக்கூடாதும்மா."

"எங்க அக்காவுக்குப்பா" என்றாள் வசந்தா.

அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டம்மாவா சார்?" என்றார். தலையசைத்தேன். "கரையில வெச்சிடுங்க. டப்பாவ வுட்டுட்டுப் போவாதீங்க." சொல்லிவிட்டு, சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

 அங்கே ஒருவருக்கும் புரியவைக்க முடியாதது இங்கே ஒரே சொல்லில் முடிந்தது. ஆனால் அங்கே என் காலடிக்கே வந்து சீறிய பறவை, இங்கே நான் வடையை எடுக்கக் கை தூக்கியதும் மொத்தமாக எழும்பி, இன்னும் தூரமாகப் போய் இறங்கியது. இங்கே மனிதன் கை ஓங்கினால் எதற்கு என்று அவற்றுக்குத் தெரியும்போல.

"நீங்க நின்னா வராது சார். தள்ளி வாங்க" என்றார் காவலாளி, திரும்பாமலே.

சோற்றை இலையில் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் வந்தோம். எதுவும் அசையவில்லை. இருபது. "இன்னும்" என்றார். கரையின் சாலைப்பக்கச் சரிவில் இறங்கியபோது கண்ணிலிருந்து முதலில் சோறு மறைந்தது, பிறகு இலை, பிறகு தண்ணீர். வசந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தாள்.

"தெரியுதா மாமா?"

தெரியவில்லை. ஏறிப் பார்த்தால் பறந்துவிடும். வெறும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, கரைக்கு இந்தப் பக்கம், நாங்கள் இருவரும் சத்தம் போடாமல் நின்றோம்.