மைனாக்களின் செவ்வாய்க்கிழமை

1994 கோடையில் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் நடந்தது இது. அப்போது நான் பறவைகளின் நடத்தை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் காடு, மலை என்று வாய்த்தது. எனக்கு வாய்த்தது மைனா. அதுவும் ஒரு குறுகலான சந்தில், பழைய சுவரின் பொந்துகளில் குடும்பம் நடத்திய மைனாக்கள்.

தினமும் காலை எட்டு முதல் பத்து மணி வரை, தாயும் தகப்பனும் குஞ்சுகளுக்கு எத்தனை தடவை இரை கொண்டுவருகின்றன என்று எண்ண வேண்டும். ஒரு நோட்டு, ஒரு பைனாகுலர், ஒரு மடக்கு நாற்காலி. சந்துக்காரர்கள் முதலில் என்னை ஏதோ சர்வே எடுக்க வந்தவள் என்று நினைத்தார்கள். பிறகு, பாவம், தலையில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்கள்.

எதிர்வீட்டு அக்கா மட்டும் விடவில்லை. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். வாசலில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவது அவர் தொழில். என் நாற்காலியை அவர் வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவேன். கேட்காமலே காபி வரும்.

மூன்று மாதத்தில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. செவ்வாய், வெள்ளிகளில் மட்டும் மைனாக்கள் இரை கொண்டுவருவது பாதியாகக் குறைந்தது. சந்து முனையில் அம்மன் கோயில். அந்த இரண்டு நாளும் மேளம், மைக்செட், கூட்டம். அப்படியானால் சத்தத்துக்குப் பயந்துதானே! எனக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடம் போட்டுப் பேராசிரியரிடம் காட்டினேன். அடுத்த வாரக் கருத்தரங்கில் இதையே பேசச் சொல்லிவிட்டார்.

பெருமை தாங்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவிடமும் சொன்னேன். அவர் பத்தி உருட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஐயே, சத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். செவ்வா, வெள்ளி எங்க வூட்ல முட்டை சேத்துக்க மாட்டோம்ல? அதான் அன்னிக்கு கம்மியா வருது."

"எந்த முட்டை, அக்கா?"

"மத்த நாள்ல தெனமும் பின்னாடி கூரை ஷீட்டு மேல வேவவெச்சு உதுத்துப் போடுறேனே! நீங்க வெயில்ல எம்மா நேரம் குந்திகினு இருக்கீங்க. அதுங்க சீக்கிரம் சீக்கிரம் வந்துட்டுப் போனா ஒங்க வேலையும் சட்டுனு முடியுமேன்னுதான்."

கோபம் தலைக்கேறியது. "என் மூணு மாச உழைப்பையே கெடுத்துட்டீங்களே!" என்று சந்துக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மறுபடி பத்தி உருட்டத் தொடங்கினார்.

இரண்டு நாள் விடுதி அறையை விட்டு நான் வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அக்கா உள்ளே போய் நாற்காலியோடு, நூல் சுற்றிய இரண்டு கட்டு ஊதுபத்திக் குச்சிகளையும் கொண்டுவந்து நீட்டினார்.

"இது புதங்கெழம, இது நேத்து. முட்டை வெக்கல. எட்டுலேர்ந்து பத்து வரிக்கும் பாத்தேன். ஒரு தபா வந்தா ஒரு குச்சி."

அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். மேளமும் இல்லாத, கூட்டமும் இல்லாத அந்த இரண்டு நாளிலும், கிட்டத்தட்ட செவ்வாய்க்கிழமை எண்ணிக்கையேதான். சத்தத்துக்கும் மைனாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாம் முட்டை. ஆய்வாளர் நான் செய்திருக்க வேண்டிய சோதனையை, என்னிடம் திட்டு வாங்கிய கையோடு அவர் செய்து முடித்திருந்தார். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த விடுங்க மேடம். நாளைக்கு முட்டை வெக்கணுமா, வேணாமா? அத்த மொதல்ல சொல்லுங்க."

கருத்தரங்கில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அரங்கமே சிரித்தது, பேராசிரியர்தான் அதிகம் சிரித்தார். அதன் பிறகு ஒரு வாரம் முட்டை வைத்தும் ஒரு வாரம் வைக்காமலும் நானும் அக்காவும் சேர்ந்து எண்ணினோம். என் ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் என்று எல்லோரும் சொன்னது அதைத்தான். நன்றியுரையில் முதல் பெயர் அக்காவுடையது. அவரிடம் அதைப் படித்துக் காட்டியபோது, "என் பேரு எதுக்கு, அந்த மைனா பேரப் போடக் கூடாதா?" என்றார்.

இப்போது என் மாணவர்கள் அச்சுப் பிசகாமல் பொருந்துகிற வரைபடத்தோடு வந்து நின்றால், எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வருகிறது: எதிர்வீட்டில் யாரோ, நம் மேல் பிரியப்பட்டு, ஒரு முட்டையை உதிர்த்து வைத்திருக்கலாம் அல்லவா?