பல்லில் கடித்த பறி

மாத்தூரில் நாங்கள் கட்டும் வீட்டுச் சுவரின் சாம்பலில் செய்த கற்களுக்கு மேஸ்திரி தண்ணீர் விட்டதும் எழுந்த ஈரச் சாம்பல் வாடை, என்னை எண்ணூர்க் கழிமுகக் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கேதான் அம்மா இறால் தடவுவாள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறிக்குள் போட்டபடி நகர்வாள். வாய் திறந்தால் பறி விழுந்துவிடும் என்பதால், "பசிக்குதும்மா", "வூட்டுக்குப் போலாமா" என்று கரையிலிருந்து நான் எதைக் கேட்டாலும் ஒரே "ம்ம்"தான். அதிலேயே கோபம் எது, கொஞ்சல் எது என்று எனக்குத் தெரியும்.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் அடிக்கடி உடைந்து, சாம்பல் ஆற்றில் கலந்து, சேறெல்லாம் மாவாகிப்போன பிறகு, ஒருநாள் ஆற்று நடுவில் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"கைக்கு சாம்பலுதான் வருது. எறாவே இல்ல."

அதிலிருந்து என் கேள்விகளுக்கெல்லாம் வார்த்தையில் பதில் வந்தது. அந்த "ம்ம்" மட்டும் வரவில்லை.

"இப்போ சாம்பல ஆத்துல வுடக் கூடாதுக்கா, இப்டி கல்லாக்கணும்னு சட்டம் கீது" என்றார் மேஸ்திரி, நனைந்த கல்லைக் காட்டி.

வீட்டைப் பார்க்க வந்திருந்த அம்மா, விரல்களை விரித்து ஈரச் சுவரைத் தடவிக்கொண்டே நகர்ந்தாள்.

"சுவரு நல்லா வந்துக்கீதாம்மா?" என்றேன்.

"ம்ம்" என்றாள்.