சூசைராஜ் குடித்த ஒரே மடக்கு

லாலாகுடா ரயில்வே காலனியில் குடிகாரன் என்று பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அவ்வளவு போட்டி. ஒரு சொட்டும் குடிக்காமலே அந்தப் பெயரை வாங்கியவர் எங்கள் பக்கத்து வீட்டு சூசைராஜ் அண்ணன் ஒருவர்தான்.

ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். திருச்சிப் பக்கத்து ஆள். கல்யாணத்துக்கு முன்பே, குடிக்க மாட்டேன் என்று மாதா கோயிலில் சத்தியம் செய்துகொண்டவர். சம்பள நாளில் மற்றவர்களைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர் வேலை.

அறுபத்தொன்றாம் வருஷம் வினை வந்தது. அவர் மனைவி லூர்துமேரி அக்கா முதல் பிள்ளை உண்டாகியிருந்தார். உடம்பில் ரத்தமில்லை, சாப்பிட்டது தங்கவில்லை. மெயின் ரோட்டு டாக்டர், "தினம் ஒரு கிளாஸ் கறுப்பு பீர் குடுங்க, தெம்பு வரும்" என்றார். அந்தக் காலத்தில் டாக்டர்களே அப்படிச் சொன்னார்கள். காலனிப் பெண்களும் ஆமாம் போட்டு, முட்டை அடித்த பிராந்தியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா பிள்ளைக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். வாங்கிவந்தது அண்ணன். வெட்கப்பட்டு, பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி சைக்கிள் பையில் ஒளித்துக் கொண்டுவருவார். ஒளித்தால் எங்கள் ஜனங்கள் விடுவார்களா? கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜேம்ஸ் பிறந்தான். நோஞ்சான். சின்னக் கண்கள், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளமே இல்லை. நடக்க நாளானது, படிப்பு ஏறவில்லை, காலையில் சொன்னது சாயங்காலம் மனதில் நிற்காது. தங்கமான பிள்ளை, அது வேறு. கூட்டிப்போன இடத்திலெல்லாம் டாக்டர்கள் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா குடிப்பாரா?" அக்காவை ஒருவரும் கேட்கவில்லை. குடும்பப் பெண்ணை அப்படிக் கேட்பது மரியாதையில்லையாம்!

அக்கா குடித்தது மருந்துக் கணக்கில் போயிற்று; அப்பன் குடித்த பாவம் பிள்ளை தலையில் விடிந்தது என்று காலனி தீர்ப்புச் சொல்லிவிட்டது. அண்ணன் வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அடுத்து ரெஜினா வயிற்றில் இருந்தபோது அக்காவுக்கு பீர் வாடையே ஆகவில்லை, தொடவில்லை. ரெஜினா படுசுட்டியாகப் பிறந்தாள். அப்பன் திருந்திவிட்டான் என்றார்கள்.

எண்பத்தைந்தில் டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்த லேடி டாக்டர், ஜேம்ஸின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "இவர் வயித்துல இருக்கும்போது நீங்க எதுவும் குடிச்சீங்களாம்மா?"

அக்கா சொன்னார். தாய் குடிப்பது பிள்ளையின் மூளை வரைக்கும் போகும், கர்ப்பத்தில் கொஞ்சமாகக் குடித்தாலும் தப்புதான், அப்பா மேல் பழி போட்டுப் பிரயோசனமில்லை என்று டாக்டர் விளக்கினார். வீட்டுக்கு வந்து அக்கா அழுத அழுகையை நான் மறக்கவில்லை. கல்யாணமாகிப் போயிருந்த ரெஜினா அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

அந்த வாரமே ரெஜினாவின் மாமியார் மங்கையர்க்கரசி வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோனோம். அந்த அம்மாளுக்கு மருமகள் மேல் உயிர். நல்ல நாளில் ஆரம்பிக்கலாம் என்று முட்டை அடித்த பிராந்தியோடு தயாராக நின்றார்.

அக்கா குறுக்கே போனார். "வேண்டாம் சம்பந்தி. ஜேம்ஸ் இப்படி இருக்கறது இதனாலதான். அவங்கப்பா குடிக்கல, நான்தான் குடிச்சேன்."

"ஐயோ சம்பந்தி! புருஷனக் காப்பாத்த இப்படியா பழியத் தூக்கித் தலையில போட்டுக்கறது? உங்களக் கோயில்ல வெச்சுக் கும்பிடணும்!"

இடுப்பில் குழந்தையோடு நின்ற மூத்த மருமகளும் கூடியிருந்த பெண்களும் உச்சுக் கொட்டினார்கள். ரெஜினாவுக்கு அவமானம். "நக்கோம்மா, வேணாம், விடு. அப்பா பேச்சு இங்க எதுக்கு?" என்று கிளாஸை வாங்கிக்கொண்டாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து வந்தார். மகள் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினார். "நான் குடிகாரன்தானே? பாருங்க" என்று ஒரு மடக்கு விழுங்கினார்.

விழுங்க எங்கே முடிந்தது? முட்டையும் பிராந்தியும் மூக்கு வழியாக வந்தன. முகம் ரத்தமாகச் சிவந்து, புரையேறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜேம்ஸ் ஓடிவந்து முதுகைத் தடவினான். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்ன அண்ணே, பழகின ஆளு..." என்று ஆரம்பித்த மங்கையர்க்கரசி பாதியில் நிறுத்தினார். பழகின தொண்டை எப்படி விழுங்கும் என்பதில் அங்கே ஒவ்வொருத்திக்கும் வீட்டு அனுபவம் உண்டு. சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, நெசமா நீயா?" என்றாள் ரெஜினா.

"ஆமா கண்ணு. அப்ப எனக்குச் சொல்ல ஆளில்ல. உனக்கு நான் இருக்கேன்."

மங்கையர்க்கரசி பாட்டிலை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். திரும்பி வந்தவர், மூத்த மருமகளின் எதிரில் போய் நின்றார். "உனக்கும் நான்தானேடி என் கையால குடுத்தேன்" என்றார். ஜேம்ஸின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கி, அதன் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.